மழையில கத்தினா மனசு லேசாகுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன மாசம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. வேளச்சேரில ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு தம்பி அனுப்பினது. பேரு சொல்ல வேண்டாம்னு கேட்டிருந்தாரு. அவர் கேட்டது இதுதான்: "அக்கா, நைட்டு நல்ல இடி மழை வந்தா நான் மொட்டை மாடிக்குப் போயிடுறேன். இடி இடிக்கும்போது கூடவே நானும் கத்துறேன். யாருக்கும் கேக்காது. கீழ இறங்கி வரும்போது நல்லா இருக்கு. ஆனா மறுநாள் காலைல பழையபடிதான். இது ஓகேவா, இல்ல எனக்கு ஏதாவது பிரச்சனையா?"

தம்பி, உங்களுக்கு உடனே ரிப்ளை பண்ணாததுக்கு மன்னிச்சுக்கோங்க. பண்ண முடியல. ஏன்னா இதையே நானும் ஒரு தடவை செஞ்சிருக்கேன். அதை நாலஞ்சு வருஷமா எல்லார்கிட்டயும் ஒரு மாதிரி கதையா சொல்லிட்டு வர்றேன். உங்க கேள்விக்காகப் படிக்க உட்கார்ந்தப்பதான், நான் அந்தக் கதையைத் தப்பா சொல்லிட்டிருக்கேன்னு தெரிஞ்சது. அதனால முதல்ல அந்தக் கதை.

எங்க ஊர் ஆவூர். புதுக்கோட்டை மாவட்டம், விராலிமலைப் பக்கம். பெரியநாயகி மாதா கோயிலைத் தெரிஞ்சவங்களுக்கு ஊரைத் தெரியும். மத்தவங்களுக்கு "திருச்சிக்குத் தெக்க"ன்னு சொல்லிடுவேன். காவிரி திருச்சியோட கிழக்க போயிடும். எங்க பக்கம் குளமும் கிணறும், மேல இருந்து வர்ற மழையும்தான். அதனால மழையை நாங்க சும்மா வேடிக்கை பாக்குறது கிடையாது, அது வருமா வராதாங்கிறது வீட்டுக் கணக்கு.

அப்பா தவறினது ஒரு ஏப்ரல் மாசம். நான்தான் மூத்தவ. ஆஸ்பத்திரி பில், ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி, ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், சொந்தக்காரங்களுக்குப் போன், எல்லாமே நான். ஒரு லிஸ்ட் எழுதி டிக் போட்டுக்கிட்டே இருந்தேன். அழுகை வரல. வீட்டுக்கு வந்தா பந்தல்ல பொம்பளைங்க வட்டமா உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாங்க. அத்தை, அதாவது அப்பாவோட அக்கா, என் கழுத்தைக் கட்டிக்கிட்டு "எந்தம்பி போயிட்டானே"ன்னு ராகமா இழுக்கிறாங்க. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? கூச்சமா இருந்துச்சு. யாராவது வீடியோ எடுக்குறாங்களான்னு சுத்திப் பாத்தேன். சத்தியமா. "இது நடிப்பு, சடங்கு, நமக்கு செட் ஆகாது"ன்னு ஒரு நெனப்பு. சென்னைல நாலு வருஷம் இருந்ததுக்கே அவ்வளவு திமிரு. கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். "படிச்ச புள்ள, அழுத்தம் ஜாஸ்தி"ன்னு யாரோ பின்னாடி சொன்னது காதுல விழுந்துச்சு.

காரியமெல்லாம் முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். அன்னைக்குக் காலைல இருந்தே புழுக்கம். மேற்க கருக்கல் கட்டிடுச்சு. மயிலெல்லாம் அகவ ஆரம்பிச்சுடுச்சு. விராலிமலை சுத்துவட்டாரத்துல மயிலுக்குப் பஞ்சமே இல்ல. திடீர்னு ஈரக்காத்து. அத்தை "கொடில கெடக்குற துணிய எடுடி"ன்னாங்க. நான் துணியை எடுக்கப் போனவ, அப்படியே கொல்லைப் பக்கம் நடந்துட்டேன். மழை பிடிச்சுக்கிச்சு. கல்லெடுத்து எறியுற மாதிரி துளி. பத்தடிக்கு அந்தப்பக்கம் ஒண்ணும் தெரியல.

நான் கத்துனேன்.

"அப்பா"ன்னு கத்தினேன்னு நினைக்காதீங்க. முதல்ல வாயில வந்தது கெட்ட வார்த்தை. (சிரிப்பு) அப்பாவுக்கு மூணு மாசமா நெஞ்சுல ஒரு வலி இருந்திருக்கு. "புள்ள வேலைல இருக்கு, பயந்துக்கும்"னு என்கிட்ட சொல்லல. அது எனக்கு ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சது. அந்தக் கோவத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? செத்தவங்க மேல கோவப்படக்கூடாதுல்ல. அதை எல்லாம் சேத்துவச்சுக் கத்தினேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். கை காலெல்லாம் நடுங்குச்சு.

அப்ப பக்கத்துக் கொல்லை வரப்புல நின்ன பனைமரத்துல இடி விழுந்துச்சு.

சத்தம்னு சொன்னா பத்தாது. முதுகுல யாரோ அடிச்ச மாதிரி. அடுத்த நிமிஷம் அத்தை, உரச்சாக்கைக் கொங்காணியா மடிச்சுத் தலைல போட்டுக்கிட்டு ஓடி வர்றாங்க. அறுபது வயசு. "ஏண்டி, எந்தம்பிய வாரிக் குடுத்தது பத்தாதா, நீயும் போவணுமா?"ன்னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்த் தாழ்வாரத்துல உட்கார வச்சாங்க. முந்தானையால தலையைத் தொவட்டினாங்க. தொவட்டிக்கிட்டே அவங்க அழ ஆரம்பிச்சாங்க. மேல தகரம். மழைச் சத்தத்துல ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. நானும் அழுதேன். அப்பா போன பிறகு அதுதான் முதல் தடவை. மழை விடுற வரைக்கும், அரை மணி நேரத்துக்கு மேல இருக்கும்.

இதுதான் நடந்தது. இதை நான் எப்படிச் சொல்லிட்டிருந்தேன்? "கொட்டுற மழையில போய் நின்னு கத்தினேன், எல்லாம் வெளிய வந்துடுச்சு, லேசாயிட்டேன்." கேக்க நல்லா இருக்கும். சினிமா சீன் மாதிரி. நம்ம ஹீரோ அழணும்னாலே டைரக்டர் மழை மெஷினை வரச் சொல்லிடுவாருல்ல. ஆனா அந்த வெர்ஷன்ல தாழ்வாரமும் இல்ல, அத்தையும் இல்ல.

இப்ப ஆராய்ச்சி பக்கம் போவோம்.

நம்ம மொழியைக் கவனிச்சுப் பாருங்க. மழை "கொட்டித் தீர்த்தது"ங்கிறோம். மனசுல இருந்ததைக் "கொட்டித் தீர்த்துட்டான்"னும் சொல்றோம். வானமும் குமுறுது, மனசும் குமுறுது. முகம் இருளுது, கண்ணு கலங்குது. அதனால புயல்ல போய்க் கத்தினா தீர்ந்துடும்னு நமக்குத் தோணுறது இயல்பு. இதுக்குப் பின்னாடி இருக்கிற ஐடியா என்னன்னா, மனசு ஒரு பிரஷர் குக்கர். உள்ள ஆவி சேருது, விசில் விட்டா அடங்கும், விடலைன்னா வெடிக்கும்.

இந்த குக்கர் ஐடியா ஐரோப்பாவுலயும் பழசு. துன்பியல் நாடகம் பாக்குறவங்களுக்குள்ள நடக்கிறதை அரிஸ்டாட்டில் 'கதார்சிஸ்'னு சொன்னாரு. கழிச்சு வெளியேத்துறது, சுத்தமாக்குறதுன்னு வச்சுக்கலாம். 1895-ல பிராயரும் ஃபிராய்டும் அந்த வார்த்தையை எடுத்து மனநோய் சிகிச்சைக்குள்ள கொண்டு வந்தாங்க. 1970-ல ஆர்தர் ஜானவ்ங்கிற அமெரிக்கர் 'தி ப்ரைமல் ஸ்க்ரீம்'னு ஒரு புத்தகமே போட்டாரு. அடிவயித்துல இருந்து அலறினா சின்ன வயசுக் காயமெல்லாம் ஆறிடும்னு. ஜான் லென்னனும் யோக்கோ ஓனோவும் அவர்கிட்ட போனாங்க. பேர் கிடைச்ச அளவுக்கு அந்த சிகிச்சைக்கு ஆதாரம் கிடைக்கல.

2002-ல பிராட் புஷ்மன்ங்கிற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டாரு. சுமார் 600 கல்லூரி மாணவர்கள். அவங்க எழுதின கட்டுரையை வேணும்னே மோசமா விமர்சனம் பண்ணி கோவப்படுத்தினாங்க. ஒரு குரூப், விமர்சனம் பண்ணவரை நினைச்சுக்கிட்டே குத்துப்பையைக் குத்தணும். இன்னொரு குரூப், உடற்பயிற்சின்னு நினைச்சுக் குத்தணும். மூணாவது குரூப்புக்கு ஒரு வேலையும் இல்ல, ரெண்டு நிமிஷம் சும்மா உட்காரணும். குக்கர் ஐடியா சரின்னா முதல் குரூப்தானே அடங்கியிருக்கணும்? அவங்கதான் அதிகக் கோவத்தோட இருந்தாங்க. சும்மா உட்கார்ந்தவங்கதான் இருக்கிறதுலயே குறைவு.

ஒரு சோதனையை வச்சு முடிவு பண்ண முடியாது. ஆனா 2024-ல இதே புஷ்மனும் ஸோஃபி ஷெர்விக்கும் சேர்ந்து 154 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்ட ஆட்களோட தரவை, ஒண்ணா வச்சுப் பார்த்தாங்க. உடம்பைக் கிளப்பி விடுற செயல்கள் மொத்தத்துல கோவத்தைக் குறைக்கல. ஓட்டம்கூட. மூச்சை மெதுவாக்குறது, தியானம், தசையைத் தளர்த்துறது மாதிரி உடம்பை அடக்குற விஷயங்கள்தான் குறைச்சது.

நான் கொல்லையில நின்ன அந்த அஞ்சு நிமிஷத்தை இப்ப நேர்மையா யோசிச்சா, கத்தக் கத்த எனக்குக் கோவம் ஏறுச்சு. அதுதான் உண்மை. நடுக்கம் நின்னது தாழ்வாரத்துலதான்.

"அப்ப கீழ இறங்கி வரும்போது எனக்கு நல்லா இருக்கே, அது பொய்யா?"ன்னு தம்பி கேக்கலாம். பொய் இல்ல. புயலுக்குன்னு சில வேலைகள் இருக்கு.

ஒண்ணு, உடம்பு. கோடை இடிமழைக்கு முன்னாடி வர்ற அந்த ஈரக்காத்து, மழை மேகத்துல இருந்து கீழ இறங்கித் தரையில பரவுற குளிர்ந்த காத்து. மழைக்குச் சில நிமிஷம் முன்னாடியே வந்துடும், வெப்பம் சட்டுனு இறங்கும். காலைல இருந்து வெந்த உடம்புக்கு அது ஒரு விடுதலைதான். கூடவே மண்வாசனை. அதுக்கு 'பெட்ரிகோர்'னு 1964-ல ரெண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிங்க பேர் வச்சாங்க, இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ். மண்ணுல இருக்கிற நுண்ணுயிரிகள் உண்டாக்குற ஜியோஸ்மின்ங்கிற பொருளுக்கு அந்த வாசனையில முக்கியப் பங்கு. நம்ம மூக்கு அதை ரொம்பச் சின்ன அளவுலயே பிடிச்சுடும். அப்புறம் இடி. ஒவ்வொரு இடிக்கும் உடம்பு திடுக்குனு விழிச்சு அட்ரினலினை விடும். அது அடங்கும்போது ஒரு தளர்ச்சி வரும். அந்தத் தளர்ச்சியை நாம "மனசு லேசாச்சு"ன்னு எடுத்துக்கிறோம். ரோலர் கோஸ்டர்ல இருந்து இறங்குற மாதிரி. அதுல ஓடினவங்களோட கடன் அடைஞ்சிருக்காதுல்ல? அதனாலதான் மறுநாள் காலைல பழையபடி.

ரெண்டாவது வேலைதான் எனக்கு முக்கியமாப் படுது. சத்தம். பலத்த மழையோட சத்தத்துல எல்லா சுருதியும் கலந்திருக்கும். அதனால மனுஷக் குரலை அது மூடிடும். முகத்துல வழியுறது மழையா கண்ணீரான்னு தெரியாது. மழை நமக்குக் குடுக்கிறது ஒரு மறைப்பு. நகரத்துல அழ இடம் எங்க இருக்கு சொல்லுங்க. ரூம்ல மூணு பேர். ஆபீஸ்ல பாத்ரூம், அதுவும் பக்கத்து கதவு திறந்தா மூச்சைப் பிடிச்சுக்கணும். மெட்ரோல ஹெட்போன் போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழறவங்களை நான் பாத்திருக்கேன். அந்த ஆள் நானாவும் இருந்திருக்கேன்.

இதே மறைப்பை வேற ஊர்க்காரங்க கூட்டமா சேர்ந்து உண்டாக்கிக்கிறாங்க. சுவீடன்ல உப்சாலா பக்கத்துல ஃப்ளோக்ஸ்டான்னு மாணவர் குடியிருப்பு இருக்கு. ராத்திரி 10 மணி ஆனா ஜன்னலைத் திறந்து கத்துவாங்க. ஒருத்தர் ஆரம்பிச்சா எதிர் பில்டிங்ல இருந்து பதில் கத்தல் வரும். 2020 கொரோனா சமயத்துல ஐஸ்லாந்து சுற்றுலாத்துறை ஒரு விளம்பரம் பண்ணுச்சு. உலகத்துல யார் வேணாலும் அலறலை ரெகார்ட் பண்ணி அனுப்பலாம், அதை அவங்க ஊர் வெட்டவெளியில ஸ்பீக்கர் வச்சுப் போடுவாங்க. விளம்பரம்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஃப்ளோக்ஸ்டால பதிலுக்குக் கத்த ஒரு ஆள் இருக்கான். ஐஸ்லாந்து பாறை பதில் சொல்லாது. அந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏன்னா அழுகையைப் பத்தின ஆய்வுகளும் அங்கதான் போய் நிக்குது. நெதர்லாந்துல டில்பர்க் பல்கலைக்கழகத்துல ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ்னு ஒருத்தர், பல வருஷமா அழுகையை ஆராய்ச்சி பண்ணவர். 2008-ல அவரும் கூட்டாளிகளும் 3,000-க்கும் மேற்பட்ட அழுகை அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தாங்க. பெரும்பாலானவங்க அழுத பிறகு பரவாயில்லைன்னாங்க. மூணுல ஒரு பங்கு பேருக்கு மாற்றம் இல்ல. பத்துல ஒருத்தருக்கு இன்னும் மோசம். யாருக்கு நல்லா இருந்துச்சு? கூட ஆறுதலா ஒரு ஆள் இருந்தவங்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். அழுறதை நினைச்சு வெட்கப்பட்டவங்களுக்குக் கம்மி.

2015-ல அவங்க குழு செஞ்ச இன்னொரு சோதனையும் சுவாரசியம். 60 பேருக்கு சோகப் படம் போட்டுக் காட்டினாங்க. அழுதவங்களோட மனநிலை படம் முடிஞ்ச உடனே கீழ போயிடுச்சு. 20 நிமிஷத்துல பழைய நிலைக்கு வந்துச்சு. 90 நிமிஷம் கழிச்சு, படம் பாக்குறதுக்கு முன்னாடி இருந்ததைவிட மேலயே இருந்துச்சு. அதாவது அழுகை உடனே வேலை செய்யாது. அழுத பிறகு ஒரு ஒண்ணரை மணி நேரம் வேணும். அந்த நேரத்துல நாம எங்க இருக்கோம், யாரோட இருக்கோம்ங்கிறதும் கணக்கு. மாடியில கத்திட்டு ரூமுக்கு வந்து, ஈரத் தலையோட ரீல்ஸ் பாத்துட்டுத் தூங்கினா அந்த ஒண்ணரை மணி நேரம் எங்க போகுது?

இதைப் படிச்சப்பதான் எனக்கு ஒப்பாரி ஞாபகம் வந்துச்சு.

பந்தல்ல பத்துப் பொம்பளைங்க சேர்ந்து ஒரே நேரத்துல குரல் எடுக்கும்போது, உங்க குரல் தனியா கேக்காது. உங்க அழுகை அசிங்கமா இருந்தாலும், மூக்கு ஒழுகினாலும், ராகம் தப்பினாலும் யாருக்கும் தெரியாது. மழை செய்ற அதே வேலை. கூடவே மழை செய்யாத ஒண்ணையும் அது செய்யுது: ஒரு கை உங்க தோள் மேல இருக்கும். புதுசா ஒரு ஆள் துக்கத்துக்கு வந்தா ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டுதான் அழுவாங்க. இறந்தவங்க மேல இருக்கிற கோவத்துக்குக்கூட அதுல இடம் உண்டு. "என்ன இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டியே"ன்னு திட்டுறதும் ஒப்பாரிதான். நான் மழையில கெட்ட வார்த்தையில சொன்னதைத்தான் அவங்க ராகம் போட்டுச் சொன்னாங்க. எனக்கு அது நடிப்பாத் தெரிஞ்சது.

ஆனா ஒண்ணு. ஒப்பாரி பொம்பளைங்களுக்குத்தான். ஆம்பளைங்க பந்தலுக்கு வெளியில பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து, தண்ணி பாட்டில் கணக்கைப் பாத்துட்டிருப்பாங்க. வேளச்சேரி தம்பி ஏன் மொட்டை மாடிக்குப் போறாருன்னு எனக்குப் புரியுது.

இதை எல்லாம் அத்தைகிட்ட போன்ல சொன்னேன். நெதர்லாந்து, சோதனை எல்லாம். அவங்க "இதுக்கு வெள்ளக்காரன் வேற வரணுமாக்கும்"னுட்டு, மழைச்சோறு கதையைச் சொன்னாங்க.

மழைச்சோறு தெரியாதவங்களுக்கு: எங்க பக்கம் மாதிரி வறண்ட பூமியில, மழை பொய்ச்சுப் போனா செய்ற சடங்கு. பொம்பளைங்க கூட்டமா வீடு வீடாப் போய்ச் சோறும் கஞ்சியும் வாங்கி, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து, பொது இடத்துல உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடுவாங்க. அப்ப ஊரை விட்டே போகப்போற மாதிரி ஒப்பாரி வைப்பாங்க. "மழையில்ல, இனி இந்த ஊர்ல பொழைக்க முடியாது, பரதேசம் போறோம்"னு. சில ஊர்கள்ல கொடும்பாவி கட்டித் தெருத்தெருவா இழுத்துட்டுப் போய், அதுக்கு மாரடிச்சு அழுது, எரிப்பாங்க. வானம் மனசு இரங்கிப் பெய்யும்னு நம்பிக்கை. அத்தை சின்னப் பிள்ளையா இருக்கும்போது பாத்திருக்காங்க. "பொய்யா அழ ஆரம்பிப்பாளுக, பாதியில நெசமாயிடும். யாரு யாருக்கு என்னென்ன இருந்துச்சோ"ன்னாங்க.

யோசிச்சுப் பாருங்க. நாம மழை வந்தா அழப் போறோம். அவங்க மழை வர்றதுக்காக அழுதிருக்காங்க, வெட்டவெளியில, ஊரோட சேர்ந்து. அன்னைக்கு மழை வந்துச்சோ இல்லையோ, புருஷன் அடிச்சதுக்கும் பிள்ளை செத்ததுக்கும் அழ நேரம் கிடைக்காதவளுக்கு அன்னைக்கு நேரம் கிடைச்சிருக்கும்.

புயல்னு பேசிட்டு கஜாவைச் சொல்லாம விடக்கூடாது. ஏன்னா "புயல்ல நின்னா விடுதலை"ங்கிறது, புயலால ஒண்ணும் போகாதவங்க பேசுற பேச்சு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்த கஜா, நேரா உள்ள வந்து தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு எல்லாத்தையும் சாய்ச்சுட்டுப் போச்சு. லட்சக்கணக்குல தென்னை. பல கிராமத்துல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. ஆலங்குடிப் பக்கம் எங்க சொந்தக்காரங்களுக்கு ஒரு தோப்பு இருந்துச்சு. ரோட்டுல விழுந்த மரத்தை அறுத்து வழி விட்டதுக்கப்புறம் அப்பா டிவிஎஸ் ஃபிஃப்டில போனாரு. போய் என்ன செஞ்சீங்கன்னு கேட்டேன். "என்ன செய்றது, கூட உட்கார்ந்திருந்தேன்"னாரு. அந்த மாமா புயல் அடிக்கும்போது அழலையாம். மூணு நாள் வாயே திறக்கலையாம். அப்பா போய் பைக்கை நிறுத்தினதும் அழுதாராம். எனக்கு அப்ப இது பெரிய விஷயமாப் படல. அப்பா ஒரு நாள் லீவைக் கெடுத்துக்கிட்டாருன்னுதான் நினைச்சேன்.

சரி. இப்ப கொஞ்சம் கண்டிப்பா ஒரு விஷயம். தம்பி, மொட்டை மாடி வேண்டாம்.

இந்தியால மின்னல் தாக்கி வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல சாகுறாங்க. நிறைய பேர் வயல்ல வேலை செய்றவங்க. வெட்டவெளியில உயரமா நிக்கிற பொருளை மின்னல் தேடும்னு எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, மரத்துல விழுந்த மின்னல் பக்கத்துல நிக்கிற ஆள் மேலயும் தாவும், தரை வழியாவும் பரவும். மரத்தடியில ஒதுங்கின மாடுகள் மொத்தமா சாகுறது அதனாலதான். நான் நின்ன இடத்துக்கும் அந்தப் பனைக்கும் நடுவுல இருந்தது ஒரு வரப்பு. மரத்துக்குள்ள இருந்த நீர் ஒரே நொடியில ஆவியாகி, பட்டை வெடிச்சு நாராக் கிழிஞ்சு கிடந்துச்சு. மறுநாள் போய்ப் பாத்தப்ப எனக்குக் கால் ஓடல.

மின்னலைப் பாத்ததும் எண்ண ஆரம்பிங்க. மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். இடிச் சத்தம் காதுல விழுந்தாலே நீங்க மின்னல் எட்டுற தூரத்துலதான் இருக்கீங்க, மழையே இல்லைன்னாலும். கான்கிரீட் கட்டடத்துக்குள்ள, இல்லைன்னா கண்ணாடி ஏத்தின காருக்குள்ள. குடை, பைக், மரத்தடி, பஸ் ஸ்டாப், எதுவும் உதவாது. எங்க தகரத் தாழ்வாரமும் சரியான இடம் கிடையாதுன்னு இப்பதான் எனக்குத் தெரியும். கடைசி இடிக்கப்புறம் அரை மணி நேரம் உள்ளயே இருங்க. புனேல இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தோட 'தாமினி' ஆப்பைப் போட்டுக்கோங்க, பக்கத்துல மின்னல் இருந்தா சொல்லும்.

இடி இல்லாத மழையில நனையுங்க, யாரும் தடுக்கல. ஜன்னலைத் திறந்து வச்சுட்டு உள்ள உட்கார்ந்து அழுங்க, மழைச் சத்தம் அங்கயும் அதே வேலையைச் செய்யும். கோவமா இருந்தா கத்துறதுக்கு முன்னாடி பத்து மூச்சு மெதுவா விட்டுப் பாருங்க. போரடிக்கும், ஆனா 154 ஆய்வும் அதைத்தான் சொல்லுது. அப்புறம் அந்த ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு ஆள். ரூம்மேட் உங்ககிட்ட என்னன்னு கேக்கணும்னு இல்ல. டீ போட்டுக் குடுத்துட்டுப் பக்கத்துல உட்கார்ந்தாப் போதும். அப்படி ஒருத்தரும் இல்லைன்னா 14416-க்கு அடிங்க. டெலி மானஸ், அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். தினமும் கத்தணும்போல இருந்தா கண்டிப்பா அடிங்க. உங்க வாய்ஸ் நோட்டுல மழையைப் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கீங்க, எதுக்குக் கத்துறீங்கன்னு சொல்லவே இல்ல. அதை எனக்குச் சொல்ல வேண்டாம். யார்கிட்டயாவது சொல்லுங்க.

அத்தை இப்பவும் ஆவூர்லதான் இருக்காங்க. மேற்க கருக்கல் கட்டினா எனக்குப் போன் வரும். சென்னைல வெயில் அடிச்சுட்டிருக்கும், அதெல்லாம் அவங்களுக்குக் கணக்கு இல்ல. "எங்கடி நிக்கிற? உள்ளயா?" "உள்ளதான் அத்தை." "செரி." போனை வைக்க மாட்டாங்க. ஸ்பீக்கர்ல மழைச் சத்தம் கேக்கும். நானும் வைக்க மாட்டேன்.

அடுத்த வாரம் பார்ப்போம். வணக்கம்.